கல்வி உதவி இருக்கிறது, படிக்க நேரம் இருக்கிறதா? துரித உணவகச் சங்கிலிகளில் ஊழியர் வளர்ச்சி

பயிற்சிமேடை:

நண்பர்களுக்கு வணக்கம். நான் ஒரு துரித உணவகச் சங்கிலியின் பயிற்சிப் பிரிவில் பணியாற்றுகிறேன். ஊழியர் நலத் திட்டங்களை மறுபடியும் வகுத்துத் தரும் பொறுப்பு எங்கள் பிரிவுக்கு வந்திருக்கிறது. ஒரு நிறுவனம் தன் ஊழியரை உண்மையாகவே வளர்க்கிறதா என்பதை எதைப் பார்த்துத் தீர்மானிப்பது என்பதே என் கேள்வி.

இந்தத் துறையில் முன்மாதிரிகளுக்குப் பஞ்சமில்லை. மெக்டொனால்ட்ஸ் 1961-ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒரு கிளையின் அடித்தளத்தில் ஹேம்பர்கர் பல்கலைக்கழகம் என்ற பயிற்சி நிலையத்தைத் தொடங்கிவிட்டது. அதற்குக் காரணமாக இருந்த ஃபிரெட் டர்னர் அடுப்புக்கு முன் நின்று தொழில் கற்றவர். பின்னாளில் நிறுவனத்தின் தலைமைக்கே வந்தார். 2004-இல் அதே நாற்காலியில் அமர்ந்த சார்லி பெல், ஆஸ்திரேலியாவில் பதினைந்து வயதில் பகுதிநேர ஊழியராகச் சேர்ந்தவர். அந்நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஆர்ச்வேஸ் டு ஆப்பர்ச்சூனிட்டி என்ற திட்டம், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் அதை முடிப்பதற்கும், ஆங்கிலம் கற்பதற்கும், கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதியைப் பெறுவதற்கும் வழி செய்கிறது. துரித உணவகம் என்று சொல்ல முடியாவிட்டாலும், ஸ்டார்பக்ஸ் 2014-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து ஊழியர்களுக்கு இணையவழிப் பட்டப்படிப்பை ஏற்படுத்தி, அடுத்த ஆண்டே நான்கு ஆண்டுப் படிப்புக்கும் அதை விரிவாக்கியது.

எங்களிடமும் இதே வகையான உதவித் திட்டம் ஒன்று இருக்கிறது. பணமும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் விண்ணப்பிப்பவர்கள் மிகக் குறைவு. விண்ணப்பித்தவர்களிலும் பலர் முதல் பருவத்தைத் தாண்டுவதில்லை. சுவரொட்டிகளைப் பெரிதாக்கலாம் என்பது மேலிடத்தின் யோசனை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கிளைகளில் வேலை செய்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

இரவுச்சாவி:

நண்பரே, பல ஆண்டுகள் கிளை மேலாளராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். திட்டப் பிரசுரத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஏதாவது ஒரு கிளையின் அடுத்த வார ரோஸ்டரை, அதாவது யாருக்கு எந்த நாளில் எந்த நேரத்தில் பணி என்ற பட்டியலை, வாங்கிப் பாருங்கள். அது எத்தனை நாள் முன்பாக ஒட்டப்பட்டது, ஒட்டிய பிறகு எத்தனை முறை திருத்தப்பட்டது, திருத்தச் சொன்னவர் யார் என்று கேளுங்கள். விண்ணப்பங்கள் ஏன் குறைவு என்பதற்கான விடை அதிலேயே கிடைத்துவிடும்.

மேலாளர் அறைக் கணினியில் மணிக்கு மணி இரண்டு எண்கள் வந்துகொண்டிருக்கும். ஒன்று அந்த மணி நேரத்து விற்பனை. மற்றொன்று, அப்போது பணியில் இருப்பவர்களின் கூலி அந்த விற்பனையில் எத்தனை சதவீதம் என்பது. திடீரென்று மழை பிடித்துக்கொண்டால் விற்பனை இறங்கும், கூலிச் சதவீதம் ஏறும். அது குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வட்டார மேலாளரின் தொலைபேசி வரும். அது வருவதற்கு முன்பே நான் சமையல் பக்கம் போய், இன்றைக்கு யாராவது சீக்கிரம் கிளம்ப முடியுமா என்று கேட்பேன். யாரும் முன்வராவிட்டால் நானே ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியாக வேண்டும். போகிறவருக்கு மூன்று மணி நேரக் கூலி போய்விடும். அந்த மூன்று மணி நேரத்தை ஈடுகட்ட அவர் வேறொரு நாள் கூடுதல் ஷிப்ட் கேட்பார்; அந்த நாள்தான் அவருடைய வகுப்பு நாளாக இருக்கும்.

என் கிளையில் ஃப்ரையரில் (எண்ணெயில் பொரிக்கும் இயந்திரத்தில்) நின்ற ஒரு பெண் மாலை நேரக் கணக்கியல் படிப்பில் சேர்ந்தார். செவ்வாயும் வியாழனும் வகுப்பு என்று கைப்பட எழுதிக் கொடுத்திருந்தார். ரோஸ்டர் போடும் மென்பொருளிலும் அதைப் பதிவு செய்திருந்தோம். ஆனால் மென்பொருள் அதை ஒரு விருப்பமாகத்தான் எடுத்துக்கொண்டது. ஆள் குறைந்த வாரங்களில் அவரைச் செவ்வாய் மாலையில் போட்டுவிடும். பட்டியல் சனிக்கிழமை இரவு வெளியாகும், திங்கள் முதல் அது நடைமுறைக்கு வரும். இடையில் உள்ள ஒரே நாளில் அவர் தமக்குப் பதில் ஆள் தேட வேண்டும். தேடித் தேடிக் களைத்து, தேர்வுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது படிப்பை நிறுத்திவிட்டார். கட்டணத்தில் பாதியை நிறுவனம் கொடுத்தது என்பதும் உண்மை.

நீங்கள் சொன்ன ஆர்ச்வேஸ் திட்டத்திலேயே ஒரு செய்தி இருக்கிறது. 2018-இல் கடைநிலை ஊழியர்களுக்கான கல்வி உதவியை ஆண்டுக்கு 700 டாலரிலிருந்து 2,500 டாலராக உயர்த்தியபோது எல்லோரும் தொகையைப் பற்றியே பேசினார்கள். அதே அறிவிப்பில், தகுதி பெறக் காத்திருக்க வேண்டிய காலம் ஒன்பது மாதத்திலிருந்து 90 நாளாகவும், வாரத்துக்குச் செய்ய வேண்டிய வேலை 20 மணி நேரத்திலிருந்து 15 மணி நேரமாகவும் குறைக்கப்பட்டது. என் கணிப்பில் தொகையைவிட இந்த இரண்டும்தான் பெரிய மாற்றங்கள். ஓர் ஆண்டில் விலகுவோரின் எண்ணிக்கை மொத்தப் பணியிடங்களையே மிஞ்சிவிடக்கூடிய தொழிலில், ஒன்பது மாதம் கழித்துக் கிடைக்கும் உதவி பெரும்பாலோருக்குக் கிடைக்காத உதவிதான்.

கணக்கர்:

இரவுச்சாவி சொல்வது சரிதான். ஆனால் மேலாளர் ஏன் அப்படிச் செய்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். நான், சங்கிலியின் பெயரைப் பயன்படுத்த உரிமம் பெற்று (ஃபிரான்சைஸ் முறையில்) தனியார் நடத்தும் சில கிளைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். வாடகை மாதத்துக்கு முன்பே நிர்ணயமானது. தலைமை நிறுவனத்துக்குக் கட்ட வேண்டிய உரிமத் தொகை விற்பனையின் மீது கணக்கிடப்படுவது. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் கட்டியாக வேண்டும். சரக்கை நிறுவனம் சொல்லும் இடத்தில், சொல்லும் விலைக்குத்தான் வாங்க முடியும். அன்றைக்கு அன்றே கூட்டிக் குறைக்க முடிந்த ஒரே செலவு ஆள் கூலி. ஆகவே அழுத்தம் முழுவதும் அங்கேதான் போய் விழுகிறது.

பயிற்சிமேடை அவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, ஊழியருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்பது. மெக்டொனால்ட்ஸ் கிளைகளில் ஏறக்குறைய 95 சதவீதம் உரிமதாரர்களால் நடத்தப்படுபவை. 2015 ஏப்ரலில் அந்நிறுவனம் அமெரிக்காவில், உள்ளூர்க் குறைந்தபட்ச ஊதியத்தைவிட ஒரு டாலர் கூடுதலாகத் தருவதாகவும் சம்பளத்துடன் கூடிய விடுப்பு தருவதாகவும் அறிவித்தது. ஆனால் அது நிறுவனமே நேரடியாக நடத்திய சுமார் 1,500 கிளைகளின் 90,000 ஊழியர்களுக்கு மட்டுமே பொருந்தியது. அதே சீருடை, அதே அடுப்பு, அதே மெனு. இருந்தும் தெருவின் அந்தப் பக்கக் கிளையில் வேலை செய்பவருக்கு அந்த உயர்வு கிடையாது. கல்வி உதவியை உரிமக் கிளைகளின் ஊழியர்களுக்கும் சேர்த்து வைத்தது நல்ல முடிவு. ஆயினும் உதவியைத் தருவது தலைமை நிறுவனம், நேரத்தைத் தர வேண்டியவர் உரிமதாரர். நேரத்துக்காக அவருக்கு யாரும் எதையும் ஈடு செய்வதில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று வளர்க்கப்பட்டவன் நான். பயிற்சிக்குச் செலவிட்ட பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று உரிமதாரர் கேட்பதை என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை. கற்றுத் தேர்ந்தவுடன் ஊழியர் அடுத்த கிளைக்குப் போய்விடுகிறார் என்பது அவர்களுடைய நிரந்தரக் கவலை.

சட்டநோக்கு:

கணக்கர் அவர்கள் கடைசியாகச் சொன்ன கவலைக்குச் சங்கிலிகள் நெடுங்காலம் ஒரு தவறான மருந்தைக் கையாண்டன. அதே சங்கிலியின் வேறொரு கிளையில் வேலை பார்ப்பவரை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று உரிம ஒப்பந்தத்திலேயே ஒரு விதியை எழுதி வைத்தன. பொருளியலாளர்கள் ஆலன் குரூகரும் ஓர்லி ஆஷென்ஃபெல்ட்டரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவின் 156 பெரிய உரிமச் சங்கிலிகளில் 58 சதவீதத்தின் ஒப்பந்தங்களில் இத்தகைய விதி இருந்தது. ஒப்பந்தம் ஊழியரின் கண்ணிலேயே படுவதில்லை. ஷிப்ட் மேலாளர் வேலைக்குத் தகுதி பெற்ற ஒருவர், தம் கிளையில் காலியிடம் இல்லாததால் பக்கத்துக் கிளையில் விண்ணப்பித்து, காரணம் தெரியாமலே திரும்பி வந்திருப்பார்.

2018-இல் வாஷிங்டன் மாநிலத்தின் அரசுத் தலைமை வழக்கறிஞர் இதைக் கையில் எடுத்த பிறகு, மெக்டொனால்ட்ஸ், ஆர்பீஸ், கார்ல்ஸ் ஜூனியர் உள்ளிட்ட சங்கிலிகள் நாடு முழுவதும் அந்த விதியைக் கைவிட ஒப்புக்கொண்டன. ஊழியர் வளர்ச்சி என்று பேசும் எந்த நிறுவனத்திடமும் நான் முதலில் கேட்கக்கூடிய கேள்வி இதுவே: உங்களிடம் பயின்றவர் உங்கள் சங்கிலிக்குள்ளேயே வேறொரு கிளைக்குப் பதவி உயர்வில் போக வழி இருக்கிறதா? காலியிட அறிவிப்பு எல்லாக் கிளைகளிலும் ஒட்டப்படுகிறதா?

ரோஸ்டரைப் பொறுத்தவரை, நியூயார்க் நகரம் 2017 நவம்பரில் நடைமுறைப்படுத்திய சட்டத்தைப் படித்துப் பார்க்கலாம். துரித உணவகச் சங்கிலிகள் பணிநேரத்தை 14 நாள் முன்பே எழுத்தில் தர வேண்டும். அதன்பின் மாற்றினால், மாற்றத்தின் தன்மையைப் பொறுத்து ஊழியருக்குக் கூடுதல் தொகை கொடுக்க வேண்டும். ஒருநாள் இரவு கடையடைத்தவரை 11 மணி நேர இடைவெளி இல்லாமல் மறுநாள் காலை கடைதிறக்க அழைத்தால், அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதமும் 100 டாலரும் தேவை. கூடுதல் பணிநேரம் உருவானால், புதிய ஆள் எடுக்கும் முன் ஏற்கெனவே இருப்பவர்களிடம் அதைக் கேட்க வேண்டும். இந்தக் கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது. பகுதிநேர ஊழியர் பலருக்குத் தேவைப்படும் முதல் முன்னேற்றமே வாரத்துக்குப் பத்து மணி நேரம் கூடுதல் வேலைதான்.

மாலைஷிப்ட்:

நான் கல்லூரி மாணவி. மாலையில் ஒரு துரித உணவகத்தில் வேலை செய்கிறேன். மேலே பேசுபவர்கள் நிலையான நேரம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வதுபோல் எனக்குத் தோன்றுகிறது. எங்களில் பலருக்கு நிலையான நேரம் வேண்டாம். தேர்வு வாரத்தில் ஐந்து மணி நேரமும் விடுமுறையில் முப்பது மணி நேரமும் வேலை செய்ய முடிவதால்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன். 2017-இல் பிரிட்டனில் மெக்டொனால்ட்ஸ், மணிநேர உத்தரவாதம் இல்லாத ஒப்பந்தத்தில் இருந்தவர்களுக்கு நிலையான மணிநேர ஒப்பந்தத்துக்கு மாறும் வாய்ப்பை அளித்தபோது, முன்னோட்டமாக நடத்திய கிளைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் பழைய முறையிலேயே தொடர விரும்பியதாக நிறுவனம் தெரிவித்தது. அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரவுச்சாவி:

எடுத்துக்கொள்கிறேன் அம்மா. நீங்கள் விரும்புவது, உங்கள் நேரத்தை நீங்களே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் உரிமையை. நான் மேலே விவரித்தது, மேலாளர் தம் வசதிக்கு அதைக் கூட்டிக் குறைப்பதை. இரண்டும் ஒரே ஒப்பந்தத்தின் கீழ் நடப்பதால் ஒன்றுபோலத் தெரிகின்றன. தேர்வு வாரத்தில் உங்களுக்கு ஐந்து மணி நேரம் போதும் என்று சொன்னபின், அதற்கடுத்த வாரமும் உங்களுக்கு ஐந்து மணி நேரமே ஒதுக்கப்பட்டால் அதைத் தட்டிக்கேட்க வழி இருக்கிறதா என்பதையும் யோசித்துப் பாருங்கள். அதே 80 சதவீதச் செய்தியின் மறுபக்கத்தில் 20 சதவீதம் பேர் இருக்கிறார்கள். குடும்பத்தை நடத்துபவர்களும் நீண்டநாள் தொடர நினைப்பவர்களும் அவர்களிடையே இருக்கக்கூடும். நிறுவனம் எதிர்கால மேலாளர்களை அங்கேதான் தேட வேண்டும். எல்லோருக்கும் ஒரே ஒப்பந்தம் என்று வகுக்காமல், தேர்ந்தெடுக்கும் உரிமையை ஊழியரிடம் விட்டுவிட்டு, அதை ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றிக்கொள்ளவும் அனுமதிப்பதே நியாயம்.

மாலைஷிப்ட்:

அப்படிப் பார்த்தால் எனக்கும் உடன்பாடுதான். கேட்ட நேரத்தைக் குறைத்தால் பிறகு திரும்பக் கிடைக்காது என்ற பயம் எங்கள் கிளையிலும் இருக்கிறது.

பயிற்சிமேடை:

நேரத்தைப் பற்றிய விவாதம் மிகவும் பயனுள்ளதாக இருக்கிறது. கிளைக்குள்ளேயே நடக்கும் பயிற்சியைப் பற்றியும் யாராவது சொல்ல முடியுமா? எங்களிடம் காணொளிப் பாடங்களும், ஒவ்வொரு பணியிடத்துக்கும் ஒரு சரிபார்ப்புப் பட்டியலும் இருக்கின்றன. காகிதத்தில் பார்த்தால் அநேகமாக எல்லோரும் தேர்ச்சி பெற்றிருக்கிறார்கள்.

அடுப்புப்பக்கம்:

காகிதத்தில் எல்லோரும் தேர்ச்சி பெற்றிருப்பதே கவலைப்பட வேண்டிய விஷயம். நான் கிளையில் புதியவர்களுக்குப் பழக்கிக் கொடுப்பவன். முறைப்படி என்றால், முதலில் சொல்ல வேண்டும், பிறகு செய்து காட்ட வேண்டும், பிறகு அவரைச் செய்யவிட்டுப் பக்கத்தில் நிற்க வேண்டும், கடைசியாக அவர் தனியாகச் செய்வதைத் தள்ளி நின்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். நான்காவது படிக்கு எனக்கு நேரம் கொடுக்கப்பட்டதே இல்லை.

ஃப்ரையரை எடுத்துக்கொள்ளுங்கள். கூடையை எண்ணெயில் இறக்குவதும், மணி அடித்ததும் தூக்குவதும் எவருக்கும் ஒரு நாளில் வந்துவிடும். கற்க வேண்டியவை வேறு. கூடையை எந்த அளவுக்கு நிரப்பினால் எண்ணெயின் சூடு இறங்காது, உறைநிலைப் பொருளில் ஒட்டிய பனியை உதறாமல் போட்டால் எண்ணெய் எப்படிப் பொங்கித் தெறிக்கும், நிறம் கறுத்த எண்ணெயை எப்போது மாற்றச் சொல்ல வேண்டும், ஈரத்தரையில் கூடையோடு எப்படித் திரும்ப வேண்டும், பின்னால் போகிறவர் எப்போது குரல் கொடுக்க வேண்டும் என்பனவெல்லாம் பக்கத்தில் ஒருவர் நின்று கையைத் திருத்தினால்தான் பதியும். மதியக் கூட்டத்தில் புதியவரை அங்கே நிறுத்திவிட்டு, நான் கவுன்டருக்கு இழுக்கப்படுவேன். மாலையில் மேலாளர் சரிபார்ப்புப் பட்டியலை நீட்டி, எல்லாவற்றிலும் குறி போட்டுக் கொடுத்துவிடுங்கள் என்பார். அவருக்கும் வேறு வழி இல்லை. மாத இறுதிக்குள் தேர்ச்சிச் சதவீதம் மேலே போயாக வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இரண்டே. பழக்கிக் கொடுப்பவரை அந்த ஷிப்டின் ஆள் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர் கூடுதல் ஆளாக நிற்கட்டும். அந்த வேலைக்கு மணிக்கு இவ்வளவு என்று தனியாகக் கொடுங்கள். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ் கொடுத்துவிட்டுப் பொறுப்பை மட்டும் கூட்டுவதால்தான் நல்ல பயிற்றுநர்கள் அந்த வேலையை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கிறார்கள்.

ஷிப்ட் மேலாளராக உயர்பவரின் நிலையையும் பாருங்கள். நேற்றுவரை பக்கத்தில் நின்று சிரித்துப் பேசியவரிடம் இன்று, கழிவறையைச் சுத்தம் செய்யுங்கள் என்று சொல்ல வேண்டும். கோபமாக வரும் வாடிக்கையாளரைச் சமாளிக்க வேண்டும். பணப்பெட்டிக் கணக்கு உதைத்தால் பதில் சொல்ல வேண்டும். கணக்கு எழுதவும் குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலையைக் குறிக்கவும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆளை நடத்தச் சொல்லிக் கொடுப்பவர் இல்லை. பதவி உயர்வு பெற்ற சில வாரங்களிலேயே பழைய வேலைக்கே திரும்பிப் போகிறேன் என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். திறமைசாலிகள் அவர்கள்.

சட்டநோக்கு:

இதனோடு பாதுகாப்பையும் சேர்க்க வேண்டும். இத்துறையில் முதல் வேலைக்கு வரும் பதின்வயதினர் மிகுதி. மேலாளர் ஒருவரே அவர்களின் நேரத்தையும் கூலியையும் பதவி உயர்வையும் தீர்மானிக்கும்போது, அவருடைய நடத்தையைப் பற்றியே புகார் சொல்வது எளிதல்ல. பிரிட்டனில் சமத்துவ மற்றும் மனித உரிமை ஆணையம், பாலியல் தொந்தரவுப் புகார்களைத் தொடர்ந்து, 2023 பிப்ரவரியில் மெக்டொனால்ட்ஸுடன் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் உடன்பாட்டைச் செய்துகொண்டது. கிளைக்கு வெளியே, உரிமதாரருக்கும் அப்பால், புகாரைக் கேட்கும் ஒருவர் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் பயிற்சி, உதவித்தொகை எல்லாம் பிறகுதான்.

கணக்கர்:

இவற்றையெல்லாம் செய்தால் செலவு கூடுமே என்று உரிமதாரர் கேட்பார் என்பதால் ஒன்றை இங்கே வைக்கிறேன். உணவகம் அல்ல, துணிக்கடை, ஆனாலும் பொருத்தமானது. அமெரிக்காவில் கேப் நிறுவனத்தின் கடைகளில் ஜோன் வில்லியம்ஸ், சூசன் லாம்பர்ட், சரவணன் கேசவன் ஆகியோர் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2018-இல் வெளியாயின. பணிநேரத்தை நிலைப்படுத்திய கடைகளில் விற்பனை 7 சதவீதமும் உழைப்பின் உற்பத்தித்திறன் 5 சதவீதமும் உயர்ந்தன. பழகிய ஆள் பழகிய நேரத்தில் நிற்பதால் வரும் பலன் அது என்று நான் புரிந்துகொள்கிறேன். எங்கள் கணக்கேடுகளில் இந்தப் பலனுக்கு ஒரு பத்தி இல்லை. ஆள் விலகினால் ஆகும் செலவுக்கும் பத்தி இல்லை: விளம்பரம், நேர்காணலுக்கு மேலாளர் செலவிடும் நேரம், சீருடை, புதியவர் பழகும்வரை வீணாகும் சரக்கு என்று அது பல தலைப்புகளில் சிதறிக் கிடக்கிறது. கூலி மட்டும் மணிக்கு மணி திரையில் தெரிகிறது. அந்தத் திரையில் மாதாந்திர விலகல் செலவையும் ஒரு வரியாகச் சேர்த்தால் உரிமதாரர்களின் பேச்சே மாறும் என்று நினைக்கிறேன். அதைக் கணக்கிட ஒரு படிவம் தயாரித்துத் தர நான் தயார்.

பயிற்சிமேடை:

கணக்கர் அவர்களுக்கு மிக்க நன்றி. படிவத்தை அவசியம் அனுப்புங்கள். அடுத்த கூட்டத்தில் நான் வைக்கப்போவது இதுதான். படிப்பில் சேர்ந்த ஊழியரின் வகுப்பு நேரத்தை மென்பொருளில் விருப்பமாக அல்லாமல் மீற முடியாத தடையாகப் பதிவு செய்ய வேண்டும். ரோஸ்டர் இரண்டு வாரம் முன்பே வெளியாக வேண்டும். பயிற்றுநருக்குத் தனி ஊதியம் வேண்டும், அவர் ஷிப்டின் ஆள் கணக்கில் சேரக் கூடாது. ஷிப்ட் மேலாளர் காலியிடங்கள் எல்லாக் கிளைகளுக்கும் அறிவிக்கப்பட வேண்டும். சுவரொட்டிக்கான பணத்தை இதற்குத் திருப்பச் சொல்வேன்.

ஒரே ஓர் இடத்தில் எனக்கு விடை தெரியவில்லை. இரண்டு வாரம் முன்பே ரோஸ்டர் போட்டுவிட்டால், அன்று காலை உடல்நலமில்லை என்று ஒருவர் வராதபோது மேலாளர் என்ன செய்வார்? இரவுச்சாவி அவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இரவுச்சாவி:

வெள்ளி, சனி மாலைகளிலும் தேர்வுக் காலத்திலும்தான் அந்த நெருக்கடி அதிகம் வரும். ஒரு வருடப் பதிவை எடுத்தால் எந்த நாட்கள் என்று துல்லியமாகவே தெரிந்துவிடும். அந்த ஷிப்டுகளுக்கு மட்டும் காத்திருப்புப் பட்டியல் ஒன்று வைத்தேன். கூடுதல் நேரம் வேண்டும் என்று முன்பே எழுதிக் கொடுத்தவர்களின் பெயர்கள் மட்டுமே அதில் இருக்கும். முறை வைத்து அழைப்போம். அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் அந்த மாலைக்குக் காத்திருந்ததற்கு ஒரு மணி நேரக் கூலி உண்டு. வந்தால் முழு ஷிப்ட் கூலியும் உண்டு. வகுப்பு உள்ளவர்களின் பெயர் அந்த நாளின் பட்டியலில் ஏறாது. வட்டார மேலாளர் அந்த ஒரு மணி நேரக் கூலியை முதலில் ஏற்கவில்லை. கடைசி நேரத்தில் ஆள் கிடைக்காமல் கவுன்டரில் ஒரு வரிசையை மூடிய மாலைகளின் விற்பனையை எடுத்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்திட்டார். உங்கள் கூட்டத்துக்கும் அந்த மாலைகளின் கணக்கை எடுத்துக்கொண்டு போங்கள்.